கையெழுத்துக்குக் காத்திருந்த நான்கு நாடாக்கள்

இர்ம்கார்ட் டேவெஸ் இறந்த மறுவருடம் எங்கள் வானொலி நிலையம் ஓர் அறைக்கு அவர் பெயரைச் சூட்டியது. வாசலில் பித்தளைத் தகடு, உள்ளே காபி இயந்திரம். "தொலைநோக்கோடு வரலாற்றைக் காத்தவர்" என்று தகட்டில் பொறித்திருக்கிறார்கள். அவரோடு ஒரே கட்டடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். அவருக்கிருந்த தொலைநோக்கு எனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது நானா, குளிர் அங்கி மாட்டும் கம்பமா என்று அவருக்குத் தெரியாது.

அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு விதி. கையெழுத்து இல்லாமல் ஒரு நாடாவும் அறையை விட்டு வெளியே போகாது, ஒரு நாடாவும் அழிக்கப்படாது.

நான் 1961-ல் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பக்காரனாகச் சேர்ந்தபோது அவர் நிலையத்தின் நிலவறையில் ஒலிநாடாக் காப்பகத்துக்குப் பொறுப்பாளர். நாற்பது வயது, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஒலிநாடா அப்போது விலை உயர்ந்த சரக்கு. ஒலிபரப்பானதும் அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவோம். பேராயரின் ஈஸ்டர் ஆசீர்வாதத்தின் மேல் மாட்டுச்சந்தை நிலவரத்தை நானே பதிந்திருக்கிறேன். ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒரு ரோஸ் நிறச் சீட்டில் பொறுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். முதலெழுத்து மட்டும் போட்டால் டேவெஸ் திருப்பி அனுப்பிவிடுவார்.

"அந்தப் பொம்பளைகிட்ட தும்முறதுக்கும் சீட்டு வாங்கணும்" என்று உணவு விடுதியில் எல்லாரும் சிரிப்பார்கள்.

பிறக்கும்போதே இப்படித்தான் பிறந்திருப்பார் என்று நானும் நினைத்திருந்தேன். அந்த வருடம் நிலையத்தில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்தில், இரண்டு குவளை சூடான ஒயின் உள்ளே போன பிறகு, அவரே காரணத்தைச் சொன்னார்.

1940-ல், பத்தொன்பது வயதில், போர்க்கால அரசு இதே கட்டடத்தில் நடத்திய பழைய வானொலியில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்திருக்கிறார். அப்போது எல்லாம் ஒலித்தட்டுகள். போர்முனையிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டையும் ஒரு முறை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு, ஒரு விவர அட்டை அடிக்க வேண்டும். எங்கே, எந்த நாள், யார் பேசுகிறார், எத்தனை நிமிடம், பதிவில் என்ன குறை. ஐந்து வருடத்தில் ஆயிரக்கணக்கான அட்டைகள் அடித்தார். 1945 ஏப்ரலில், ஆங்கிலேயர்களின் டாங்கிகள் ஊருக்கு இரண்டு நாள் தூரத்தில் இருந்தபோது, ஹென்கே என்ற செய்தியாளர், முனைவர் பட்டம் பெற்றதால் எல்லாருக்கும் 'டாக்டர்', கீழே இறங்கி வந்தார்.

"எல்லாத் தட்டையும் உடைச்சிடு."

"எல்லாத்தையுமா, டாக்டர்?"

"உனக்குக் காது கேக்கலையா? எல்லாத்தையும்."

நிலக்கரி அள்ளும் மண்வாரியால் இரண்டு நாள் உடைத்தார். கை கொப்பளித்துவிட்டது. "அட்டைங்களை என்ன பண்றதுன்னு அவர் சொல்லல" என்றார் என்னிடம், மிகவும் நியாயமான குரலில். "தட்டைத்தான் சொன்னார். அதனால அட்டைப் பெட்டிங்களைக் கரி மூட்டைக்குப் பின்னால அடுக்கி வெச்சேன்."

ஆங்கிலேய அதிகாரி வந்து தட்டுகள் எங்கே என்று கேட்டார். பயந்துபோன ஒரு சின்னப் பெண் தன் இஷ்டத்துக்கு உடைத்துவிட்டாள் என்றார் ஹென்கே. தான் உத்தரவு போட்டதாக நினைவில்லை என்றார். சாட்சிப் பொருளை நாசம் செய்ததற்காக டேவெஸுக்கு வேலை போயிற்று. மூன்று இலையுதிர் காலம் சர்க்கரைக் கிழங்கு ஆலையில் சேறு கழுவினார். ஹென்கே போர்க்காலத்தில் என்ன பேசினார் என்பதற்கு ஒரு தட்டும் மிஞ்சவில்லை. எனவே அவர் எதுவும் பேசவில்லை என்று ஆயிற்று. குற்றமற்றவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 1949-ல் புதிய நிலையத்தின் செய்திப் பிரிவுக்கே தலைவரானார். ஆனதும் டேவெஸைக் கூப்பிட்டனுப்பினார். "பழசையெல்லாம் மறந்துடுவோம், ஃப்ராவ் டேவெஸ். வந்து வேலையில சேருங்க."

"மறந்துடுவோம்ங்கறதை எழுத்துல குடுங்கன்னேன்" என்றார் டேவெஸ். அவர் கொடுக்கவில்லை. இவர் வேலையில் சேர்ந்தார், கூடவே விதியும் சேர்ந்தது.

1963-ல் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. போரின்போது போலந்தில் லுபினோவ் என்ற சிற்றூரில் யூதர்களைச் சுட்டுக் கொன்றதாக ஒரு காவல் படைப்பிரிவின் ஆட்கள் மீது குற்றச்சாட்டு. முக்கியக் குற்றவாளியின் பெயர் எவால்ட் ப்ரிக்கெ. ஊரில் பெரிய குழாய் வேலைக்காரர். எங்கள் நிலையத்தின் கழிப்பறைகளை அவர்தான் கட்டினார், நன்றாகவே கட்டியிருந்தார். 1942 அக்டோபரில் மஞ்சள் காமாலை வந்து அம்மா வீட்டில் படுத்திருந்தேன் என்பது அவர் வாக்குமூலம். அம்மா காலமாகிவிட்டார்.

ஹைஃபாவிலிருந்து சாட்சி சொல்ல வந்தார் ஹாயா பிரான்ட்வைன். நாற்பது வயது. பெண்களுக்கு உள்ளாடை தைக்கும் கடை வைத்திருந்தார். அவர் தங்கியிருந்த விடுதியில் எங்கள் செய்தியாளர் யோகென் வித்ராக் இரண்டு பிற்பகல் அவரிடம் பேசினார். பதிவு செய்தது நான். நான்கு நாடாக்கள்.

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, துணி அளவு சொல்பவரைப் போலப் பேசினார்.

"காலையில எங்களைச் சந்தைத் திடல்ல உக்கார வெச்சாங்க. ரெண்டாயிரம் பேர் இருப்போம். எங்கம்மா, தங்கச்சி பெர்லா, நான். பெர்லாவுக்கு ஆறு வயசு. தாகம், அழுதுக்கிட்டே இருந்தா. அப்ப ரேடியோ வண்டி ஒண்ணு வந்துது."

"ரேடியோ வண்டியா?" என்றார் வித்ராக்.

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாழ்த்து சொல்ற நிகழ்ச்சி இருந்துதே, அதுக்கு. போலீஸ்காரங்க ஒவ்வொருத்தரா மைக் முன்னால வந்து பேசினாங்க. ப்ரிக்கெ பேசினது எனக்குக் கேட்டுது. 'அம்மா, நான் நல்லா இருக்கேன், வாத்து வறுவல்ல எனக்குக் கால் எடுத்து வை'ன்னான். மைக் புடிச்ச ஆளு கையைத் தூக்கி நிறுத்தினான். எங்க சத்தம் உள்ள வருதாம். ப்ரிக்கெ திரும்பி, 'வாயை மூடுங்க, ரேடியோல வந்துரும்'னு கத்தினான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அமைதியாயிட்டோம். நெனைச்சுப் பாருங்க. ரெண்டாயிரம் பேர், ரேடியோவுக்காக. எங்கம்மா பெர்லா வாயைக் கையால பொத்தினாங்க. முடிஞ்சதும் மைக் புடிச்ச ஆளு எங்களைப் பாத்து 'நன்றி'ன்னான். ரொம்ப மரியாதையான மனுஷன்."

அன்று மாலைக்குள் அம்மாவையும் பெர்லாவையும் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தையல் தெரிந்ததால் ஹாயாவை மட்டும் சீருடை தைக்க நிறுத்திக்கொண்டார்கள்.

"அந்த மைக் புடிச்ச ஆளை அடையாளம் சொல்ல முடியுமா?" என்று வித்ராக் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு அவர் முகம் சொன்னது.

"இடது காது மடல் ரெண்டாக் கிழிஞ்சிருந்துது. நாய் கடிச்ச மாதிரி."

டாக்டர் ஹென்கேயின் இடது காதைச் சின்ன வயதில் ஒரு நாய் கடித்திருந்தது. அந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் நிலைய விருந்தில் அவரே சொல்லுவார். வித்ராக் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாடா தீந்துபோச்சா, க்ரோகர்?"

"இன்னும் இருக்கு" என்றேன். நான் காட்டிய தைரியம் அவ்வளவுதான். அதற்கு மேல் நானும் கருவியில் ஒலி அளவு காட்டும் முள் ஆடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீதிமன்றத்தில் ஹாயா வானொலி வண்டியைப் பற்றிச் சொன்னபோது ப்ரிக்கெயின் வழக்கறிஞர் சிரித்தார். நீதிபதி ஒழுங்கானவர். எங்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதி, அந்தக் காலத்து ஒலிப்பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டாக்டர் ஹென்கே ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "மேற்படி காலத்து ஒலிப்பதிவு எதுவும் எங்களிடம் இல்லை." ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லாத கடிதம். அதன் நகல் கோப்பில் சேர்க்கக் கீழே வந்தது. டேவெஸ் படித்தார், துளை போட்டார், கோப்பில் சேர்த்தார்.

மஞ்சள் காமாலையை மறுக்க ஆதாரம் இல்லை என்று ப்ரிக்கெ விடுதலையானார். எங்கள் செய்தியில் ஹாயாவின் குரல் மூன்று நிமிடம் வந்தது. பயணம் எப்படி இருந்தது, ஹைஃபாவில் இப்போது வெயிலா என்ற பகுதி.

அடுத்த வாரம் நான் கீழே ஒட்டுநாடா வாங்கப் போயிருந்தபோது டாக்டர் ஹென்கே இறங்கி வந்தார். பதினெட்டு வருடத்தில் அவர் அந்தப் படிகளில் இறங்கியது அதுதான் முதல் தடவை என்று டேவெஸ் பிறகு சொன்னார்.

"வித்ராக் விடுதியில எடுத்த நாலு நாடா இருக்குல்ல, ஃப்ராவ் டேவெஸ்? அழிச்சிடுங்க. நாடாத் தட்டுப்பாடா இருக்கு."

"ஆகட்டும், டாக்டர்." ரோஸ் சீட்டை எடுத்து நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து. காரணம் எழுத ஒரு வரி விட்டிருக்கு."

"நான்தான் வாயால சொல்றேனே."

"போன தடவையும் வாயாலதான் சொன்னீங்க."

ஹென்கே பேனாவை எடுத்தார். சீட்டைப் படித்தார். நாடாவின் தலைப்பு, பேசுபவர் பெயர், தேதி, 'அழிக்க உத்தரவிட்டவர்' என்று ஒரு கோடு. பேனாவை மூடினார்.

"அப்ப நானே எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா. வெளியே எடுக்கறதுக்குப் பச்சைச் சீட்டு." அதையும் எடுத்து வைத்தார். "அதுலயும் கையெழுத்துதான்."

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஹென்கே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கையெழுத்து" என்றார் டேவெஸ். உண்மையிலேயே அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதை ஹென்கே கடைசி வரை நம்பவில்லை.

அந்த நான்கு நாடாக்களும் 'அழிக்கக் காத்திருப்பவை' என்று எழுதிய அலமாரியின் மேல்தட்டில் ஏறின. ஒவ்வொரு ஜனவரியும் டேவெஸ் பிரிவுத் தலைவருக்கு ஒரு பட்டியல் அனுப்புவார், அதில் இந்த நான்கும் இருக்கும். ஹென்கே ஒவ்வொரு வருடமும் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று குறித்து முதலெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். 1974-ல் பதக்கத்தோடு ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் பட்டியலைப் படிக்கவே இல்லை. ப்ரிக்கெ பேரன் பேத்திகள் சூழ, படுக்கையில் செத்தார். 1986-ல் ஹென்கே இறந்தபோது இரண்டு நிமிட அஞ்சலியும் ஒரு செலோ இசையும் ஒலிபரப்பினோம். அதைத் தொகுத்ததும் நான்தான். நன்றாக வந்திருந்தது.

1994-ல் ஆன்னெகே ரூலான்ட் என்ற வரலாற்று ஆய்வாளர் வந்தார். போர்க்குற்ற வழக்குகளின் நீதிமன்ற ஆவணங்களில் சாட்சிகள் சொன்னதை எழுத்தர் சுருக்கி எழுதியிருப்பார். வானொலிக்காரர்கள் வாசலில் பிடித்துப் பேசவைத்ததில் வேறு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று நிலையம் நிலையமாகத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் நிலவறையில் நான்கு நாடாக்கள் அகப்பட்டன. மூன்று நாள் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, ஓய்வு பெற்றிருந்த டேவெஸைத் தேடிப் போய், போர்க்கால ஆவணம் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"அட்டைங்க இருக்கு" என்றார் டேவெஸ். "பழைய கரி அறையில. சுவருக்கும் கொதிகலனுக்கும் நடுவுல."

அட்டை இருந்தது. லுபினோவ், 1942 அக்டோபர் 11. செய்தியாளர் ஹென்கே. பேசுபவர்கள் பட்டியலில் மூன்றாவது பெயர் எவால்ட் ப்ரிக்கெ, அம்மாவுக்கு வாழ்த்து. கடைசியில், 'குறை' என்ற இடத்தில் டேவெஸின் தட்டச்சு: "பின்னணியில் கூட்ட இரைச்சல். மறுஒலிபரப்புக்கு உகந்ததல்ல."

செய்தித்தாள்களில் வந்தது. நிலையம் விழா எடுத்தது. புதிய இயக்குநர் இளைஞர், நல்ல உடை உடுத்துபவர். இருண்ட காலத்திலும் எங்கள் நிலையம் உண்மையைப் பாதுகாத்தது என்று பேசி, டேவெஸை மேடைக்கு அழைத்தார். எழுபத்து மூன்று வயதில் அவர் மெதுவாக ஏறினார். ஒலிவாங்கியின் உயரத்தைத் தானே சரி செய்துகொண்டார்.

"கையெழுத்து வரல, அதனால அழிக்கல. அதுக்கு மாலை வேணாம்" என்றார். "இன்னொண்ணு. அறுபத்தி மூணுல நீதிமன்றம் கடிதம் எழுதுச்சு. அட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒலிப்பதிவு இருக்கான்னுதான் கேட்டாங்க, அட்டை இருக்கான்னு கேக்கல. நானும் சொல்லல. சொன்னா தட்டை ஒடைச்சது யாருன்னு கேப்பாங்கன்னு பயம். அந்த ப்ரிக்கெ விடுதலையாகி வீட்டுக்குப் போயிட்டான். இதையும் எழுதிக்கோங்க."

ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, இது கை தட்டும் இடமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார். இயக்குநர் நன்றி சொன்னார். கடுங்காபியும் வெண்ணெய்க் கேக்கும் பரிமாறப்பட்டன.

வீட்டுக்குப் போனதும் டேவெஸ் ஹைஃபாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மேடையில் சொன்னதையே எழுதினார், மன்னிப்பும் கேட்டார். மூன்று வாரத்தில் ஹாயாவிடமிருந்து பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. டேவெஸ் கடிதத்தை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

"அட்டை அடிக்கும் முன் தட்டைக் கேட்பீர்கள் என்று ரூலான்ட் அம்மையார் எழுதியிருக்கிறார். அப்படியானால் நீங்கள் எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா, தங்கையின் படம்கூட என்னிடம் இல்லை. நீங்கள் கேட்டது என்னவென்று சொல்லுங்கள்."

மறுநாள் காலை அவர் சமையலறையில் என் பழைய பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தேன். ஜன்னலை மூடினார். குளிர்பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார், இரைச்சல் வருமாம். சொல்லிவிட்டு, 'இரைச்சல்' என்ற அந்தச் சொல்லைத் தானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"குளிர்பெட்டி ஓடட்டும்" என்றார்.

பதினோரு நிமிடம் பேசினார். வாத்துக் கால் நினைவிருந்தது. யாரோ ஒருவன் வாழ்த்துச் சொல்லும்போது இருமினான், அதுவும் நினைவிருந்தது. "பின்னால நெறைய பேர் இருந்தாங்க. கடல் மாதிரி ஒரு சத்தம். அதுல ஒரு கொழந்தை அழுதுச்சு. கொஞ்ச தூரத்துல. அப்புறம் எவனோ கத்தினான், சட்டுனு எல்லாம் நின்னுபோச்சு. அந்தக் கொழந்தையும். பேர் எதுவும் கேக்கல. கேட்ட மாதிரி சொன்னா அது பொய்." கருவியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "எனக்கு அப்ப எரிச்சல்தான் வந்துச்சு. பதிவு கெட்டுப்போச்சேன்னு. இருவத்தோரு வயசு. யாரு அழறா, ஏன் அழறான்னு நான் நெனைக்கல. இரைச்சல்னு அடிச்சேன், அடுத்த தட்டை எடுத்தேன்."

நிறுத்தட்டுமா என்று கையால் கேட்டேன். தலையாட்டினார். ஒலிநாடாவை அன்றே ஹைஃபாவுக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, நான் அங்கே உருளைக்கிழங்கு சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. டேவெஸ் எனக்கும் கேட்கும்படி ரிசீவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கொழந்தை என் தங்கச்சியா?" என்றது ஹாயாவின் குரல். முப்பது வருடம் முதிர்ந்திருந்தது. அளவு சொல்லும் தோரணை மாறவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க."

"அங்க நூத்துக்கணக்குல கொழந்தைங்க இருந்துதுங்க. தெரியாதுதான்" என்றார் ஹாயா. "தெரியும்னு சொல்லியிருந்தீங்கன்னா போனை வெச்சிருப்பேன்."

"அப்படி சொல்லியிருந்தா வெச்சிருக்கணும்தான்."

"எரிச்சலா இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அதைக் கேட்டப்புறம் ரெண்டு நாள் உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன். பாத்திரம் கழுவும்போதுகூட."

"என்னன்னு திட்டினீங்க?"

"உங்க ஊர் பாஷையில அதுக்கு வார்த்தை கிடையாது" என்றார் ஹாயா. மறுமுனையில் ஒரு சிறு சத்தம். அது சிரிப்பா இருமலா என்று நாங்கள் இருவரும் பிறகு வெகுநேரம் வாதாடினோம்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாயா கூப்பிடுவார். சிநேகம் என்று அதைச் சொல்ல முடியாது. முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள், அரசியலில் சண்டை போடுவார்கள், சில சமயம் ஹாயா அந்தத் தட்டைப் பற்றி மறுபடி ஒரு கேள்வி கேட்பார். டேவெஸ் யோசித்து, தெரிந்தால் தெரியும் என்றும் தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்லுவார். ஏழு வருடம் இப்படி நடந்தது.

2001 மார்ச்சில் இர்ம்கார்ட் டேவெஸ் நிமோனியாவில் இறந்தார். ஹைஃபாவுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப இனிமே அந்தத் திடல் சத்தத்தைக் கேட்டவ நான் ஒருத்திதான்" என்றார் ஹாயா பிரான்ட்வைன். பிறகு, அடக்கம் என்றைக்கு, அங்கே இன்னும் பனி கொட்டுகிறதா என்று விசாரித்தார்.